ஹெப்சி வாங்கின துப்பாக்கி

கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன் என்று தப்பாக நினைக்காதே மகளே. உன் மேல் ஒரு குறையும் இல்லை. உன் சட்டை தொளதொளவென்று இருக்கிறது, அதுதான். தொளதொள சட்டை போட்டவர்கள் யாரைப் பார்த்தாலும் என் கண் நேரே இடுப்புக்குத்தான் போகிறது. ரெண்டு மாசமாக இந்தப் புத்தி. சிரிக்காதே. விமான நிலையத்துக்குள் அப்படி ஒன்றும் கொண்டுவர முடியாது என்று எனக்கும் தெரியும். என் தைலப் பாட்டிலையே திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

நீ திருவனந்தபுரம் விமானத்துக்குத்தானே? நானும் அதுதான். இந்தத் தோகாவில் இன்னும் மூணு மணி நேரம் கிடக்க வேண்டும். தமிழ் முகமாக இருக்கிறதே என்று உன் பக்கத்தில் வந்தேன். வந்து உட்கார்ந்ததும் பயமாகிவிட்டது. தமிழ்க்காரி என்றால் ஊர் தெரிந்திருக்கும், ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்திருக்கும். யார் கண்டது, அவர் சொல்லி அனுப்பின பிள்ளையாகக்கூட இருக்கலாம். நீ எந்த ஊர்? மார்த்தாண்டமா. குவைத்தில் நர்ஸா. ஆறு வருசமாகவா. அமெரிக்காவில் யாரும் சொந்தக்காரர் இல்லையே? அப்போ சரி.

எனக்கு மெஞ்ஞானபுரம் பக்கம். பேர் ராஜகனி. எட்டாம் வகுப்பு வரைக்கும் படிப்பு, அதுக்குப் பிறகு முப்பத்தைந்து வருசம் தையல் மெஷின். அந்த மெஷினை மிதித்தே ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். மூத்தவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். இளையவள் ஹெப்சிபா. டெக்சாஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. கல்யாணம் முடிந்து நாலு வருசம், இன்னும் ஒரு புழு பூச்சி இல்லை. கூட இருந்து ஜெபித்துவிட்டு வருவோம் என்று ஆறு மாசத்துக்குப் போனேன். நாலு மாசத்தில் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன். ஏன் என்றுதான் விமானத்தில் பதினைந்து மணி நேரமாக யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீயாக ஒன்றை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டான்லி தங்கமான மனுசன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அங்கே தமிழ்ச் சபையில் கிதார் வாசித்துப் பாடுகிறவர். என்னை அத்தை அத்தை என்று கூப்பிடுகிற குரலில் தேன் ஒழுகும். ஹெப்சி மேல் அவருக்கு இருக்கிற அக்கறை இருக்கிறதே, என் வீட்டுக்காரர் ஆயுசுக்கும் என் மேல் அவ்வளவு வைத்ததில்லை. அவள் கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று தினமும் சாயங்காலம் இறங்கிப் போய்ப் பார்ப்பார். டயர் தேயும் அல்லவா. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். கடைக்குப் போனால் புள்ளி கடையில், ஆஸ்பத்திரிக்குப் போனால் புள்ளி ஆஸ்பத்திரியில். "அத்தை, பாருங்க, உங்க மக பத்திரமா இருக்கா" என்று எனக்கும் காட்டுவார். எவ்வளவு நிம்மதி!

எனக்குச் சந்தேகம் வந்ததெல்லாம் என் மகள் மேல்தான்.

ஒரு புதன்கிழமை. ஹெப்சிக்கு மத்தியானம் வரைக்கும்தான் வேலை. வேலை செய்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, அவள் காரில் ஏறவில்லை. மரிசோல் என்று கூட வேலை பார்க்கிற பிள்ளை, மெக்சிகோக்காரி, ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருக்கிறாள், அவள் காரில் ஏறச் சொன்னாள். ஏறும்போதுதான் பார்க்கிறேன், ஹெப்சி கையில் போன் இல்லை.

"ஏட்டி, போனை மறந்துட்ட."

"மறக்கலம்மா. உள்ள வச்சிருக்கேன். அது அங்கேயே இருக்கட்டும்."

எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. புள்ளி ஆஸ்பத்திரியில், ஆள் இன்னொருத்தி காரில். இதுக்கு என்ன அர்த்தம் மகளே? நீயே சொல்லு. பெற்றவள் என்ன நினைப்பாள்? எவனையோ பார்க்கப் போகிறாள், அதுக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வழி முழுக்க மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனேன்.

போய் இறங்கினது ஒரு துப்பாக்கிக் கடை.

நம்ம ஊர் நகைக்கடை மாதிரி கண்ணாடிப் பெட்டி. வளையல் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகத் துப்பாக்கி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மரிசோல் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். கடைக்காரர் வெள்ளைத் தாடிக் கிழவர். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இடுப்பில் ஒன்று தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீர் கொடுக்கிறார்!

அவர் ஹெப்சியிடம் ஏதோ கேட்டார். அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். "எதுக்குன்னு கேக்குறாரும்மா. வீட்டுல பூட்டி வைக்கவா, கூடவே வச்சுக்கவான்னு."

"நீ என்ன சொன்ன?"

"கூடவேன்னு. வெளிய தெரியாம. எந்நேரமும்."

"வீட்டுக்குள்ளயுமா?"

"வீட்டுக்குள்ளதாம்மா."

திருடன் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊர் வீடுகளுக்குச் சன்னலில் கம்பி கிடையாது, கேட்டியா. உதைத்தால் உடைகிற கதவு. நான் போன முதல் நாளே சொன்னேன், கம்பி போடுங்க மாப்ள என்று.

கிழவர் முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். உருளை உருண்டு அஞ்சு குண்டு போடுகிறது. தடையில்லாமல் வேலை செய்யும், ஆனால் விசை கெட்டி. ஹெப்சி இழுத்துப் பார்த்தாள், பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்து உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி ஒன்று. நான்கூட இது நல்லா இருக்கே, மறைக்க லேசு என்றேன். கிழவர் தலையை ஆட்டினார். சின்னதாக இருந்தால் சுடும்போது கையை அடித்துவிடுமாம், கனமாக இருந்தால் அடி குறையுமாம். அப்படியென்றால் கனமானது எடு என்றால், கனமானது இடுப்பில் துருத்தும். துருத்தினால் ஆள் பார்ப்பான். எல்லாத்துக்கும் நடுவில் ஒன்றைத் தேட வேண்டும். ஒரு மணி நேரம் தேடினார்கள். கல்யாணப் புடவைகூட நாங்கள் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

மூணாவதாக ஒன்று எடுத்தார். மேல் பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும், அப்போதுதான் குண்டு ஏறும். ஹெப்சியால் இழுக்க முடியவில்லை. வலது மணிக்கட்டு அவளுக்குப் பலமில்லை. போன வருசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஒடிந்தது. அதுக்கு முந்தின வருசம் ஒரு தடவை விழுந்தாள், அப்போது விலா எலும்பு. அந்த ஊர் பாத்ரூம் எல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், கால் நிற்காது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு ஒடியாதா? நீ நர்ஸ், உனக்குத் தெரியுமே. முறுக்கின மாதிரி ஒடிந்திருக்கிறது என்று டாக்டர்கூடக் கேட்டாராம். விழும்போது எதையாவது பிடித்திருப்பாள், முறுக்கியிருக்கும்.

அந்தக் கிழவரும் உன்னைப் போலத்தான் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் "ஹஸ்பண்ட்" என்பது காதில் விழுந்தது.  ஹெப்சி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் புருசனைப் பற்றி விசாரிக்க உனக்கு என்ன வேலை? தாடி நரைத்தால் எல்லாம் யோக்கியனா? நான் ஸ்டூலை விட்டு எழுந்து இவளை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன்.

அப்புறம் அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். உள்ளே போய் வேறொன்று எடுத்துவந்தார். கையில் பலம் இல்லாதவர்களுக்கென்றே செய்ததாம். ஹெப்சி இழுத்தாள், வந்தது. "இடது கையில பழகு, இடது இடுப்புல வை. வலது கைக்காரி இடது பக்கம் வச்சிருப்பான்னு யாரும் நினைக்க மாட்டாங்க" என்றாராம். பின்னால் ஒரு கூடம், அங்கே காகிதத்தில் மனுசன் படம் போட்டுத் தொங்கவிட்டு, சுடச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காகித மனுசனை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னாள் ஹெப்சி. இன்னும் கிட்டே. இன்னும். சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்குமே, அவ்வளவு தூரம். அதுக்குப் பிறகுதான் சுட்டாள்.

என் பிள்ளை, ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிக்குப் பரிசு வாங்கின பிள்ளை.

திரும்பி வரும்போது நான் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளே என் கையைப் பிடித்தாள். "அம்மா, இதை நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லவே கூடாது."

"ஏன்? அவருக்குத் தெரியாம வீட்டுக்குள்ள ஆயுதமா? குடும்பத்துல மறைவு வந்தா அங்க பிசாசு வந்து உட்காருவான்."

"அம்மா, எதுக்குன்னு என்கிட்ட ஒரு தடவை கேளுங்க."

"எதுக்கு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் என்ன மாதிரி முகத்தை வைத்திருந்தேனோ, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்றுவிட்டாள்.

இப்படித்தான் ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஒருநாள் போன் பண்ணி, "நான் கொஞ்ச நாள் வந்து உங்களோட இருக்கட்டுமா" என்று கேட்டாள். புருசனை விட்டுவிட்டு வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள், முழங்காலில் நின்று ஜெபி, எல்லாம் சரியாகும் என்று சொன்னேன். அதுக்குப் பிறகு கேட்கவில்லை. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சத்தியம் பண்ணச் சொன்னாள். நாங்கள் சத்தியம் பண்ணுகிறதில்லை, உள்ளதை உள்ளது என்று சொன்னால் போதும். "மனுசங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வார்த்தை கொடுத்தேன். கொடுத்த வார்த்தையை இந்த நிமிசம் வரைக்கும் மீறவில்லை. அதை நீ நல்லா மனசில் வைத்துக்கொள்.

நானே அவளுக்கு உதவியும் செய்தேன், பாரு. புதுச் சுரிதார் டாப் எல்லாம் இடுப்பில் பிடித்து, துப்பாக்கி முட்டிக்கொண்டு தெரிந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போன நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, "பின்னாடி இருந்து பாருங்கம்மா, தெரியுதா? குனிஞ்சா? கை தூக்கினா?" என்று கேட்பாள். அஞ்சு டாப்பிலும் இடது பக்கத் தையலை ரெண்டு விரல் அளவு பிரித்துவிட்டு, மறு தையல் போட்டுக் கொடுத்தேன். கையால்தான், இரட்டை நூலில். ஒரு ஆள் தொங்கினாலும் பிரியாது. அவ்வளவு அழகாக மறைந்தது. பிறகு எனக்கே பயமாகிவிட்டது. நான் மறைக்கிற மாதிரி எத்தனை பேர் மறைத்திருப்பார்கள்? சபையில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது நான் இடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போதகர் அங்கி போட்டிருக்கிறார், அதுக்குள் என்ன இருக்கிறதோ. பக்கத்து வீட்டுச் சீனாக்கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது சட்டைப்பை தொங்குகிறது, அதில் என்னவோ. எல்லோர் மேலும் சந்தேகம். ராத்திரி தூக்கம் கிடையாது.

ஹெப்சியும் மாறிவிட்டாள். மாப்பிள்ளை அறைக்குள் வந்தால் சுவரில் முதுகைக் கொடுத்து நிற்பாள். ஆனால் முன்னை மாதிரி கை நடுங்கவில்லை. தேநீர் தட்டில் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள். அதையும் நான் பார்த்தேன். இந்தத் தைரியம் நல்லதுக்கில்லை, யார் மேலோ கை ஓங்கப்போகிறாள் என்று தோன்றியது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? யாரிடமாவது சொல்லி அழ வேண்டும். மனுசரிடம் சொல்ல மாட்டேன் என்று வார்த்தை கொடுத்தாயிற்று. மிச்சம் யார் இருக்கிறார்? ஆண்டவர் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் குடும்ப ஜெபம் உண்டா? எங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு. மாப்பிள்ளை வேதத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பார், ஒரு பாட்டு, பிறகு ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்போம். கடைசியில் நான். என் ஜெபம் நீளம். மனசுக்குள் முணுமுணுக்கிறது எனக்கு ஜெபமே இல்லை. ஆண்டவருக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். யாருக்குச் சுகமில்லை, எந்தக் கால், எந்த டாக்டர், எல்லாம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். எங்கள் ஊரில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ராஜகனி அக்கா ஜெபித்தால் தெருவில் நடக்கிற சங்கதி முழுக்கத் தெரிந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்.

போன சனிக்கிழமை மூணு பேரும் முழங்காலில் இருந்தோம். என் முறை வந்தது. மனசு பொங்கிவிட்டது மகளே. நான் ஜெபித்ததை அப்படியே சொல்கிறேன். "அன்பும் இரக்கமுமுள்ள ஆண்டவரே, உம்முடைய பிள்ளை ஹெப்சிபாவை உம்முடைய சமுகத்தில் வைக்கிறேன். அவள் இடது இடுப்பிலே மறைத்துச் சுமந்து திரிகிற அந்தச் சின்னத் துப்பாக்கி ஒருத்தர் மேலும் பாயாதபடிக்குக் காத்துக்கொள்ளும். அவளுடைய பயத்தை எடுத்துப்போடும். உமக்கு மறைவானது ஒன்றும் இல்லையே தகப்பனே."

கண்ணைத் திறந்தேன். ஹெப்சி முழங்காலில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் பரிசோதிக்கிற பிள்ளை, அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மாப்பிள்ளை மெதுவாக எழுந்தார். வேதப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். "நல்லா ஜெபிச்சீங்க அத்தை" என்றார். கோபமே இல்லை! சிரித்த முகம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பார்த்தாயா, வெளிச்சத்துக்கு வந்ததும் எவ்வளவு சமாதானமாக முடிந்துவிட்டது என்று. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

நான் சொன்னது ஆண்டவரிடம். மாப்பிள்ளை பக்கத்தில் முழங்காலில் இருந்தார், அதுக்கு நான் என்ன செய்ய?

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்கள் ஒரு வீட்டில் கூடினார்கள். மாப்பிள்ளையே என்னைக் கொண்டுபோய் விட்டார். "ஹெப்சிக்குத் தலைவலி அத்தை, அவ வீட்டுல படுத்திருக்கட்டும். அஞ்சு மணிக்கு நானே வந்து கூப்பிட்டுக்கிறேன்" என்றார். அஞ்சு என்றால் அஞ்சுக்கு வந்தார். வழியில் எனக்கு மாம்பழ ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போனால் ஹெப்சிக்கு உதடு வீங்கியிருந்தது. அவர்தான் சொன்னார், "அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டா அத்தை. அந்தச் சாமான் இப்ப என்கிட்ட பத்திரமா இருக்கு. நீங்க ஜெபிச்சது கேக்கப்பட்டுது."

சரி, கதவில் இடித்துக்கொண்டாள். இடித்துக்கொள்ள மாட்டார்களா? நான் நம்பினேன். நம்பிக்கொண்டே துணி துவைக்கிற கூடையை எடுத்தேன். மேலே அவள் காலையில் போட்டிருந்த டாப் கிடந்தது, மஞ்சளில் சின்னப் பூப் போட்டது. இடது பக்கம் அக்குளில் இருந்து கீழே வரைக்கும் கிழிந்திருந்தது.

தையல் பிரியவில்லை, கேட்டியா? நான் போட்ட இரட்டை நூல் அப்படியே இருக்கிறது. தையலுக்குப் பக்கத்தில் துணி கிழிந்திருக்கிறது. முப்பத்தைந்து வருசம் துணியோடு இருந்தவள் நான். கதவில் மாட்டினால் துணி எப்படிக் கிழியும், ஆணியில் மாட்டினால் எப்படிக் கிழியும் என்று எனக்குத் தெரியும், ஒரு மூலையாகக் கிழியும். இது அப்படி இல்லை. ஒருத்தர் பிடித்து இழுக்க, இன்னொருத்தர் விடமாட்டேன் என்று எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் நூல் நிற்கத் துணி போகும். ஒரு கை அகலத்துக்குப் பிடித்த இடம் கசங்கியிருந்தது. என் கையை வைத்துப் பார்த்தேன். என் கையை விடப் பெரிசு.

நான் வேறு எதுவும் நினைக்கவில்லை. மடித்து என் பெட்டிக்குள் வைத்தேன். தைத்துக் கொடுக்கலாம் என்றுதான்.

ஹெப்சி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள், அதுவும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே."

"யார்கிட்டயும் சொல்லல ஹெப்சி. கர்த்தர்கிட்டதான் சொன்னேன்."

அவள் சிரித்தாள். உதடு வலித்திருக்கும், உடனே நிறுத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வேலைக்குப் போன அரை மணி நேரத்தில் மரிசோல் வந்துவிட்டாள். என் டிக்கெட்டை மாற்றியிருக்கிறார்கள், எனக்கே தெரியாது. என் ரெண்டு பெட்டி, ஹெப்சிக்குத் தோளில் ஒரு பை. போனைச் சாப்பாட்டு மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தாள். புள்ளி வீட்டில் இருக்கும், பாவம் அவர், நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அந்த வார்த்தை மனசில் வந்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாருக்குப் பாவம் பார்க்கிறேன்?

விமான நிலையத்தில் கேட்டேன். "நீ எங்க போற ஹெப்சி?"

"சொல்ல மாட்டேம்மா."

"பெத்த தாய்கிட்டயா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க ஜெபிப்பீங்க."

இப்படி ஒரு வார்த்தை எந்தப் பிள்ளையாவது எந்தத் தாயிடமாவது சொல்லுமா? கட்டிப்பிடித்தாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள், போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் எனக்குத் தெரியும். அதுதான் என் சங்கடமே. வரும்போது காரில் மரிசோல் முன்னால் போன் வைத்து வழி போட்டிருந்தாள். ரெண்டு இடம் போட்டிருந்தாள், முதலில் விமான நிலையம், கீழே இன்னொரு ஊர். எட்டாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் எழுத்துக் கூட்டுவேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ஹெப்சிக்குத் தெரியாது, மரிசோலுக்கும் தெரியாது. ஊர்ப் பேரை உனக்குச் சொல்ல மாட்டேன், வருத்தப்படாதே. அங்கேயிருந்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

சொல்லிவிட்டால் என்ன என்றும் தோன்றுகிறது. ஆயிரம் இருந்தாலும் தாலி கட்டினவர். போய்ப் பேசிக் கூட்டிக்கொண்டு வருவார், குடும்பம் சேரும். ஆண்டவர் சேர்த்ததை நான் பிரிக்கலாமா? பதினைந்து மணி நேரம் இதே யோசனை. சொல்லலாம் என்று முடிவு பண்ணுவேன், உடனே அந்தத் துணி கண்ணுக்கு முன்னால் வரும். வேண்டாம் என்று முடிவு பண்ணுவேன், உடனே அத்தை என்று கூப்பிடுகிற அந்தக் குரல் வரும்.

இரு. போன் அடிக்கிறது. அவர்தான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுத்தான் பேசுவேன். நீ பேசாமல் இரு மகளே. இருமக்கூடச் செய்யாதே.

சொல்லுங்க மாப்ள. ஆமா, தோகாதான். சாப்பிட்டேன். இல்ல மாப்ள, என்கிட்ட ஒண்ணும் சொல்லல. கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டா. ஆமா, ஆமா. அழாதீங்க மாப்ள. ஜெபமா? இப்பயா? போன்லயா? நீங்களே பண்ணுங்களேன். இல்ல, எனக்கு, எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஏசிக் காத்து. நீங்க பண்ணுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

நீயும் கேட்டாய் அல்லவா? நீயே சாட்சி. "அத்தை, நீங்க ஜெபிங்க, நீங்கதான் விவரமா ஜெபிப்பீங்க" என்று மூணு தடவை கேட்டார். மூணு தடவை. தொண்டை கட்டியிருக்கிறது என்று நான் சொன்னது பொய், ஆண்டவர் மன்னிக்கட்டும். பிறகு அவரே ஜெபித்தார். எவ்வளவு உருக்கம், என்ன குரல்! அவள் எங்கே இருக்கிறாள் என்று வெளிப்படுத்தும், யாரோடு இருக்கிறாள் என்று வெளிப்படுத்தும், உம்முடைய ஊழியக்காரியின் வாயைத் திறந்தருளும் என்று கேட்டார். அவள் சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. அவளைப் பத்திரமாக வையும் என்று ஒரு வார்த்தை வரும் வரும் என்று கடைசி வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டாயா அந்த வார்த்தையை? நான்தான் காது மந்தம், நீ கேட்டாயா?

முடித்துவிட்டு அவர் சும்மா இருந்தார், கவனித்தாயா? நான் ஆமென் சொல்வதற்காக. பிறந்ததில் இருந்து அறுபத்திமூணு வருசம், எதிரி வீட்டு ஜெபத்துக்குக்கூட நான் ஆமென் சொல்லாமல் விட்டதில்லை. நம்மை அறியாமலே வந்துவிடும், தும்மல் மாதிரி. வாய் வரைக்கும் வந்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"அத்தை? லைன்ல இருக்கீங்களா? அத்தை?"

இருந்தேன். இருந்துகொண்டேதான் சொல்லவில்லை.